2008 பிரேசில் கிராண்ட் பிரீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபார்முலா ஒன் பற்றிப் பேச்சு வந்தால், கொஞ்ச நேரத்தில் 2008 நவம்பர் 2 அன்று சாவ் பாலோவில் நடந்த பந்தயமும் பேச்சில் வந்துவிடும். வந்ததும் அதே சந்தேகங்கள் வரிசை கட்டும். புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களும் கேட்கிறார்கள், அன்று நம்மூர் நேரம் நள்ளிரவு தாண்டும்வரை கண்விழித்துப் பார்த்தவர்களும் கேட்கிறார்கள். என்னிடம் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு.

பெரிய பந்தயம், பெரிய பந்தயம்னு சொல்றீங்களே, அப்படி என்னதான் நடந்துச்சு?

அது 2008 சீசனின் 18-ஆவது பந்தயம், கடைசிப் பந்தயமும் அதுதான். இன்டர்லாகோஸ் தடத்தில் 71 சுற்று. உலகப் பட்டத்துக்கான போட்டியில் மிச்சம் இருந்தவர்கள் இரண்டே பேர்: மெக்லாரன் அணியின் லூயிஸ் ஹாமில்டன், ஃபெராரி அணியின் ஃபெலிப்பே மாஸா. மாஸா பிறந்த ஊரே சாவ் பாலோ. அதனால் பார்வையாளர் மாடம் முழுக்க அவர் பக்கம்.

மாஸா முதலாவதாக முடிவுக் கோட்டைத் தாண்டினார். அந்த நேரத்தில் ஹாமில்டன் ஆறாவது இடத்தில் இருந்தார். அப்படியே முடிந்தால் பட்டம் மாஸாவுக்கு. ஃபெராரி பிட்டில் (டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் கார்கள் வந்து நிற்கும் இடம்) இருந்த அவருடைய குடும்பத்தார் துள்ளிக் குதித்துவிட்டார்கள். தடத்தில் ஹாமில்டன் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். கோட்டுக்கு ஏறும் சரிவுக்கு முன்னால் இருக்கும் ஜுன்சாவ் வளைவுப் பக்கம், ஈரத்தில் தடுமாறிக்கொண்டிருந்த டோயோட்டா ஓட்டுநர் டிமோ கிளாக்கைத் தாண்டி ஐந்தாம் இடத்துக்கு வந்தார். ஒரே ஒரு புள்ளியில் உலக சாம்பியன்.

ஜெயிச்சது மாஸா, சாம்பியன் ஐந்தாவதா வந்தவரா? இது என்ன கணக்கு?

பட்டம் ஒரு பந்தயத்துக்கானது கிடையாது, சீசன் முழுவதும் சேர்த்த புள்ளிகளுக்கானது. அப்போது முதல் எட்டு இடங்களுக்குப் புள்ளி: 10, 8, 6, 5, 4, 3, 2, 1. பிரேசிலுக்கு வரும்போது ஹாமில்டனிடம் 94, மாஸாவிடம் 87. மாஸா வென்றதால் 97. ஐந்தாம் இடத்துக்கு 4 புள்ளி, ஆக ஹாமில்டன் 98.

மெக்லாரனுக்குத் தேவையாக இருந்தது அந்த ஐந்தாம் இடம் மட்டுமே. மாஸா என்ன செய்தாலும் சரி, ஹாமில்டன் ஐந்தாவதாகவோ அதற்கு மேலோ வந்தால் போதும்.

ஆறாவது வந்திருந்தா 97-97 சமம்தானே? சமமா இருந்தா எப்படி மாஸாவுக்குப் போகும்?

ஐபிஎல் பட்டியலில் இரண்டு அணிகள் சமமானால் நெட் ரன் ரேட்டைப் பார்ப்பது போல, இங்கே வெற்றிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பார்கள். பிரேசிலையும் சேர்த்து மாஸாவுக்கு 6 வெற்றி: பஹ்ரைன், துருக்கி, பிரான்ஸ், வாலென்சியா, பெல்ஜியம், பிரேசில். ஹாமில்டனுக்கு 5: ஆஸ்திரேலியா, மொனாக்கோ, பிரிட்டன், ஜெர்மனி, சீனா. எனவே சமநிலை என்றால் பட்டம் மாஸாவுக்கே.

டயர் டயர்னு எல்லாரும் சொல்றாங்க. இன்டர்மீடியட்டுக்கும் சாதா டயருக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

காய்ந்த தடத்துக்கான டயர் சூடாக இருந்தால்தான் பிடிக்கும். அன்றைய டயர்களில் நீளவாக்கில் நான்கு பள்ளங்கள் இருந்தன, ஆனால் அவை வேகத்தைக் குறைப்பதற்காக விதிப்படி வைத்தவை, தண்ணீரை வெளியேற்ற அல்ல. தூறல் வந்து தடம் நனைந்தால் டயர் குளிர்ந்துவிடும், ரப்பர் இறுகிவிடும், கார் பனிக்கட்டி மேல் போவது மாதிரி வழுக்கும். இன்டர்மீடியட் டயரில் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் வெட்டுகள் உண்டு, ரப்பரும் மென்மை. ஆனால் தடம் காய்ந்தால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சக்கரம் வீணாகச் சுழலாமல் தானாகக் கட்டுப்படுத்தும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் என்ற மின்னணு உதவியை 2008 சீசனிலிருந்துதான் தடை செய்தார்கள். முந்தின வருடம் வரை கணினி பார்த்துக்கொண்ட வேலையை ஓட்டுநரின் வலது கால் செய்ய வேண்டியிருந்தது. ஈரத்தில் தவறான டயரோடு மாட்டிக்கொண்டவருக்கு இது எவ்வளவு பெரிய சோதனை என்பது கிளாக் பற்றிய கேள்விக்கு வரும்போது புரியும்.

கடைசி நிமிஷம் மட்டும்தான் பார்த்திருக்கேன். முன்னாடி பந்தயம் எப்படிப் போச்சு?

தொடங்கும் முன்பே மழை கொட்டியது. தொடக்கத்தைப் பத்து நிமிடம் தள்ளிவைத்தார்கள். முதலிடத்திலிருந்து கிளம்பியவர் மாஸா, நான்காவது இடத்திலிருந்து ஹாமில்டன். முதல் சுற்றிலேயே மோதல் நடந்து, அன்றோடு ஓய்வுபெறவிருந்த டேவிட் கூல்ட்ஹார்டின் கடைசிப் பந்தயம் சில வளைவுகளிலேயே முடிந்துபோனது. பாதுகாப்பு கார் வந்தது. விபத்து நடந்தால் எல்லோரையும் மெதுவாகப் பின்னால் வரவைக்க முன்னே போகும் கார் அது. தடம் காயக் காய எல்லோரும் காய்ந்த தட டயருக்கு மாறினார்கள். மெக்லாரன் கொஞ்சம் தாமதமாகக் கூப்பிட்டதால் ஹாமில்டன் சில இடங்களை இழந்தார். முன்கூட்டியே டயர் மாற்றி மேலே வந்திருந்த ஜியான்கார்லோ ஃபிசிகெல்லாவின் பின்னால் அவர் சிக்கிக்கொண்டார். ஃபிசிகெல்லா ஓட்டியது ஃபோர்ஸ் இந்தியா. அந்த அணிக்கு அதுதான் முதல் சீசன், வருடம் முழுக்க ஒரு புள்ளிகூட எடுக்காத அணி. பட்டத்துக்கான போட்டியில் சில சுற்றுகளுக்காவது அதற்கும் ஒரு பங்கு இருந்தது.

ஃபிசிகெல்லாவைத் தாண்டிய பிறகு ஹாமில்டன் தேவையான இடத்துக்கு வந்து, அதைக் காப்பாற்றிக்கொண்டே ஓட்டினார். பந்தயத்தின் நடுப்பகுதியில் பதற்றம் இருந்தது, சம்பவம் அதிகம் இல்லை. மாஸா முன்னால் ஒரு தப்பும் செய்யாமல் போய்க்கொண்டிருந்தார். அன்று அவர் ஓட்டியதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. சொந்த ஊர் மக்கள் முன்னால், மழையில் தொடங்கி மழையில் முடிந்த பந்தயத்தில், இரண்டாவதாக வந்த ஃபெர்னாண்டோ அலோன்சோவை விட 13 விநாடிக்கு மேல் முன்னால் முடித்தார். அவர் செய்ய வேண்டியது அத்தனையையும் செய்தார்.

கடைசி எட்டு சுற்று அளவில் மறுபடி தூறல். மாஸா, அலோன்சோ, கிமி ரைக்கோனன், ஹாமில்டன், டோரோ ரோஸோ அணியின் செபாஸ்டியன் வெட்டல் எல்லோரும் உள்ளே வந்து இன்டர்மீடியட் போட்டார்கள். டோயோட்டாவின் இரண்டு கார்களும் வரவில்லை. அதனால் கிளாக் நான்காவதாகிவிட்டார், ஹாமில்டன் ஐந்தாவது. அதுவும் போதும். ஆனால் மூன்று சுற்று மிச்சமிருக்கும்போது, ஒரு சுற்று பின்தங்கியிருந்த ராபர்ட் குபிட்சா வேகமாக வந்து ஹாமில்டனைத் தாண்டினார். அதில் ஹாமில்டன் கோடு தவறி வெளிப்பக்கம் போக, கிடைத்த இடைவெளியில் வெட்டல் நுழைந்துவிட்டார். இப்போது ஹாமில்டன் ஆறாவது. அதற்குப் பிறகு வெட்டலை அவரால் எட்டிப் பிடிக்க முடியவே இல்லை.

ஏழு புள்ளி முன்னாடி இருந்தும் மெக்லாரன் ஏன் அவ்வளவு பயந்து பயந்து ஓட்டுச்சு?

முந்தின வருடத்தின் காயம்தான். 2007-இலும் கடைசிப் பந்தயம் இதே இன்டர்லாகோஸ். அப்போதும் ஹாமில்டன் ரைக்கோனனை விட சரியாக 7 புள்ளி முன்னால்தான் வந்தார். ஆரம்பத்தில் ஒரு தவறு, பிறகு கியர் கோளாறு, ஏழாவதாக முடித்தார். ரைக்கோனன் 110, ஹாமில்டன் 109, அலோன்சோ 109. அன்று ரைக்கோனன் வெல்ல உதவியவர் அவருடைய ஃபெராரி அணித்தோழரான அதே மாஸா.

ஆகவே 2008-இல் மெக்லாரனின் திட்டம் எளிமையானது: யாரோடும் மோதாதே, ஐந்தாவதாக வா. என் பார்வையில் அந்தத் திட்டம் கொஞ்சம் அதிகமாகவே கணக்குப் பார்த்தது. ஐந்தாவது இடத்தைக் குறிவைத்து ஓட்டுபவருக்குக் கீழே ஒரு இடம்கூட இடைவெளி இல்லை. குபிட்சா மாதிரி ஒருவர் வந்து கலைத்தாலே எல்லாம் சரிந்துவிடும், சரிந்தது.

உண்மையைச் சொல்லுங்க, கிளாக் காசு வாங்கிட்டுத்தானே வழி விட்டார்?

இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நடுநிலை வகிப்பதாக இல்லை, ஏனென்றால் ஆதாரம் ஒரு பக்கமாகவே இருக்கிறது. கடைசிச் சுற்றில் கிளாக் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 1 நிமிடம் 44 விநாடி. அதே அணி, அதே கார், அதே காய்ந்த தட டயரோடு ஓட்டிய யார்னோ ட்ரூல்லியும் கடைசிச் சுற்றில் கிட்டத்தட்ட அதே நேரம்தான் எடுத்தார். ட்ரூல்லியின் இடத்துக்கும் பட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் யாருக்கு வழி விடுவதற்காக மெதுவாகப் போனார்? இரண்டு டோயோட்டாக்களும் ஒரே மாதிரி தவழ்ந்ததற்கு ஒரே காரணம், கடைசிச் சுற்றில் மழை வலுத்ததுதான்.

கடைசிச் சுற்று தொடங்கும்போது கிளாக், ஹாமில்டனை விட சுமார் 13 விநாடி முன்னால் இருந்தார். சுற்று முடியும்போது 5 விநாடிக்கு மேல் பின்னால். இதைத்தான் சந்தேகப்படுபவர்கள் காட்டுகிறார்கள். ஆனால் டயர் பற்றிய கேள்வியில் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: குளிர்ந்த டயர், டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லை, தடம் முழுக்கத் தண்ணீர். கிளாக் காரில் இருந்த கேமராவின் காட்சியைப் பார்த்தால், ஸ்டியரிங்கோடு அவர் மல்லுக்கட்டுவது தெரியும். நேர்ப்பாதையில்கூடக் கார் நிலைகொள்ளவில்லை. இன்னொரு விஷயம், கிளாக்கைத் தாண்டியவர் ஹாமில்டன் மட்டும் இல்லை. அவருக்குச் சற்று முன்னால் வெட்டலும் தாண்டினார். வெட்டலுக்கும் காசு வாங்கிக்கொண்டா வழி விட்டார்?

அந்த மனிதர் பல வருடங்கள் திட்டு வாங்கினார், மிரட்டல் கடிதங்கள் வந்தன. தன் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒருவர், சரியாக அந்த வளைவில் சிக்கிக்கொண்டதால் வந்த வினை அது. இன்னும் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் ட்ரூல்லியின் கடைசிச் சுற்று நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, அப்போ டோயோட்டா மட்டும் ஏன் டயர் மாத்தல? அது முட்டாள்தனம் இல்லையா?

அது நியாயமான சூதாட்டம். மற்றவர்களோடு அவர்களும் உள்ளே வந்திருந்தால், எந்த வரிசையில் இருந்தார்களோ அதே வரிசையில், வெட்டலுக்கும் ஹாமில்டனுக்கும் பின்னால்தான் வெளியே வந்திருப்பார்கள். வெளியிலேயே இருந்தால், மழை வலுக்காதபட்சத்தில் நான்காம் இடம் கிடைக்கும். மழை இன்னும் இரண்டு நிமிடம் தாமதமாக வலுத்திருந்தால் அந்த முடிவை எல்லோரும் பாராட்டியிருப்பார்கள். அப்படியிருந்தும் கிளாக் ஆறாவதாக முடித்தார். டயர் மாற்றியிருந்தாலும் அதற்கு மேல் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

வெட்டல் கார்ல இருந்தது ஃபெராரி இன்ஜின். அவர் மாஸாவுக்கு உதவி பண்ணத்தான் ஹாமில்டனைத் தாண்டினாரோ?

டோரோ ரோஸோ ஃபெராரியிடம் இன்ஜின் வாங்கியது உண்மை. ஆனால் வெட்டல் அப்போது 21 வயதுப் பையன், அந்த வருடம் இத்தாலியின் மொன்சாவில் மழையில் முதல் வெற்றியைப் பெற்றவர், அடுத்த வருடம் ரெட் புல்லுக்குப் போகவிருந்தவர். இடம் கிடைத்தால் தாண்டுவதுதான் அவர் வேலை. ஒரு சுவையான விஷயம்: அன்று ஹாமில்டன் 23 வயதில் அதுவரையான மிக இளைய உலக சாம்பியன் ஆனார். இரண்டு வருடம் கழித்து, 2010-இல், அந்தச் சாதனையை உடைத்தவர் வெட்டல்.

மாஸா 39 விநாடி உலக சாம்பியனா இருந்தார்னு படிச்சேன். சரிதானா?

மாஸா கோட்டைத் தாண்டியதற்கும் ஹாமில்டன் தாண்டியதற்கும் இடையே 38.907 விநாடி. அதிலிருந்து வந்த பேச்சு அது. ஆனால் ஹாமில்டன் கிளாக்கைத் தாண்டியது கோட்டுக்குச் சற்று முன்னாலேயே. எனவே ‘இப்படியே முடிந்தால் மாஸா’ என்ற நிலை நீடித்தது 39 விநாடிகூட இல்லை. விதிப்படி பார்த்தால் எல்லோரும் பந்தயத்தை முடிக்கும்வரை யாருமே சாம்பியன் இல்லை.

ஃபெராரி பிட்டில் கொண்டாடியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஹாமில்டன் ஆறாவதாக இருந்தார், வெட்டலை அவரால் நெருங்க முடியவில்லை. கிளாக் அத்தனை தூரம் முன்னால் இருந்ததால் எல்லோர் கண்ணும் வெட்டல் மேல்தான். பல வர்ணனையாளர்களே அந்த முந்தலைக் கவனிக்கத் தாமதித்தார்கள். மேடையில் மாஸா கண்ணீரோடு நெஞ்சைத் தட்டிக்கொண்டு மக்களைப் பார்த்து நின்றார். யார் மேலும் பழி போடவில்லை. அந்த நாளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஃபெராரிக்கு அன்னைக்கு ஒண்ணுமே கிடைக்கலையா?

கிடைத்தது, யாரும் கவனிக்கவில்லை. அணிகளுக்கான பட்டம் ஃபெராரிக்கு: 172 புள்ளி, மெக்லாரனுக்கு 151. ஃபெராரியின் 16-ஆவது அணிப் பட்டம் அது. 2025 சீசன் முடியும்வரை 17-ஆவது வரவில்லை. ஓட்டுநர் பட்டமும் ரைக்கோனனின் 2007-க்குப் பிறகு அவர்களுக்கு வரவில்லை. அந்த நாளின் இழப்பு எவ்வளவு நீண்டது என்று அன்று யாருக்கும் தெரியாது.

அப்போ மாஸா பட்டத்தை எங்கதான் தொலைச்சார்?

பிரேசிலில் தொலைக்கவில்லை என்பது மட்டும் உறுதி. ஆஸ்திரேலியாவில் பாதியில் நின்றார். மலேசியாவில் இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தபோது தானே சுழன்று வெளியேறினார். பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் மழையில் திரும்பத் திரும்பச் சுழன்று 13-ஆவது. இவை அவருடைய தவறுகள்.

ஆனால் ஹங்கேரி அப்படியில்லை. ஹாமில்டனைத் தொடக்கத்திலேயே வெளிப்பக்கமாகத் தாண்டி, பந்தயத்தைக் கையில் வைத்திருந்தார். மூன்று சுற்று மிச்சம் இருக்கும்போது இன்ஜின் வெடித்தது. 10 புள்ளி போனது. அன்று ஹாமில்டன் ஐந்தாவது. மாஸா ஓடி முடித்திருந்தால் அவர் ஆறாவதாகியிருப்பார், அதில் இன்னொரு புள்ளி. ஒரே ஒரு இடத்தைக் காட்டு என்றால் நான் ஹங்கேரியைத்தான் காட்டுவேன். பிறகு சிங்கப்பூர், அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

ஹாமில்டனும் குறை வைக்கவில்லை. கனடாவில் பிட் வழியின் முடிவில் சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்த ரைக்கோனனின் பின்னால் போய் மோதினார். பஹ்ரைனில் 13-ஆவது. ஜப்பானில் 12-ஆவது. இருவருமே தவறுகள் செய்த சீசன் என்பதால்தான் போட்டி கடைசி வளைவு வரை வந்தது.

பெல்ஜியத்துல ஹாமில்டன் ஜெயிச்சதைப் பறிச்சு மாஸாவுக்குக் கொடுத்தாங்களே, அதைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கிறாங்க?

பேச வேண்டிய விஷயம்தான். பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் கடைசிச் சுற்றுகளில் ஹாமில்டன் ரைக்கோனனோடு போட்டி போட்டுக்கொண்டு ஒரு வளைவைக் குறுக்கே வெட்டிவந்தார். இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த வளைவிலேயே மீண்டும் தாண்டினார். அதனால் ஆதாயம் அடைந்தார் என்று 25 விநாடி தண்டனை. முதலிடம் மூன்றாமிடமானது, வெற்றி மாஸாவுக்குப் போனது. மெக்லாரனின் மேல்முறையீட்டை விசாரணைக்கே ஏற்கவில்லை. அந்தத் தண்டனை இல்லையென்றால் இறுதிக் கணக்கு ஹாமில்டன் 102, மாஸா 95.

இதைவிடச் சிறிய, ஆனால் விநோதமான ஒரு புள்ளி ஜப்பானில் இருக்கிறது. மாஸா அங்கே எட்டாவதாக முடித்தார். பிறகு, மாஸாவோடு நடந்த மோதலுக்காக டோரோ ரோஸோவின் செபாஸ்டியன் போர்டேவுக்குத் தண்டனை கொடுத்தார்கள், மாஸா ஏழாவதானார். ஒரு புள்ளி கூடியது. அந்த ஒரு புள்ளி இல்லையென்றால் பிரேசிலில் மாஸா வென்றாலும் 96தான். ஹாமில்டன் ஆறாவதாக வந்தாலே 97. கிளாக்கைத் தாண்ட வேண்டிய அவசியமே இருந்திருக்காது! கடைசி வளைவுக்கு அத்தனை கனம் கொடுத்தது மூன்று வாரம் முன்பு ஜப்பானில் கொடுத்த தண்டனை.

இப்போ இருக்கிற 25-18-15 முறைல கணக்குப் போட்டா யாருக்குப் பட்டம்?

போட்டுப் பார்த்தேன். 2010-இல் வந்த முறைப்படி ஹாமில்டன் 243, மாஸா 240. அப்போதும் ஹாமில்டன்தான். ஆனால் 1991 முதல் 2002 வரை இருந்த 10-6-4-3-2-1 முறையைப் போட்டால் மாஸா 83, ஹாமில்டன் 80. மாஸா சாம்பியன். அந்தப் பழைய முறையில் வெற்றிக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடைவெளி அதிகம். 2002-இல் மைக்கேல் ஷூமாக்கர் ஜூலையிலேயே பட்டத்தை முடித்துவிட்டதால், போட்டி சீக்கிரம் முடியக்கூடாது என்று அந்த இடைவெளியைக் குறைத்தார்கள். 2008-இல் அது தன் வேலையைச் செய்தது.

அதிக வெற்றி பெற்றவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை என்பது பெரிய விவாதமானது. அப்போது ஃபார்முலா ஒன்னின் வணிகத்தை நடத்திய பெர்னி எக்கிள்ஸ்டன் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கம் கொடுக்கலாம் என்றார். 2009 மார்ச்சில், அதிக வெற்றி பெற்றவரே சாம்பியன் என்று விதிகளை வகுக்கும் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ அறிவித்தும் விட்டது. அணிகள் எதிர்த்ததால் சில நாட்களிலேயே அதைக் கைவிட்டார்கள். அடுத்த வருடம் வந்ததுதான் 25 புள்ளி முறை. ஒரு எச்சரிக்கை மட்டும்: வேறு முறை இருந்திருந்தால் ஓட்டுநர்கள் வேறு மாதிரி ஓட்டியிருப்பார்கள். ஐந்தாம் இடம் போதும் என்று ஹாமில்டன் ஓட்டியதே அன்றைய கணக்கை வைத்துத்தான்.

சிங்கப்பூர்ல வேணும்னே ஒரு காரை மோத வெச்சாங்களாமே? அதுக்கும் மாஸாவுக்கும் என்ன சம்பந்தம்?

2008 செப்டம்பர் 28, ஃபார்முலா ஒன்னின் முதல் இரவுப் பந்தயம். முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தவர் மாஸா. 14-ஆவது சுற்றில் ரெனோ ஓட்டுநர் நெல்சன் பிக்கே ஜூனியர் சுவரில் மோதினார், பாதுகாப்பு கார் வந்தது. சற்று முன்புதான் பிட்டுக்குப் போய்வந்திருந்த அவருடைய அணித்தோழர் அலோன்சோவுக்கு அது பெரிய லாபமானது, பந்தயத்தை வென்றார். மறு வருடம் அணியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு பிக்கே உண்மையைச் சொன்னார்: மோதச் சொன்னது அணி நிர்வாகம். அணித் தலைவர் ஃபிளாவியோ பிரியாத்தோரேவுக்குக் காலவரையற்ற தடை, பொறியாளர் பேட் சைமண்ட்ஸுக்கு ஐந்து வருடத் தடை. 2010 ஜனவரியில் பிரெஞ்சு நீதிமன்றம் அந்தத் தடைகளை ரத்து செய்தது.

மோதலின்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பிட்டுக்கு ஓடினார்கள். பந்தயத்தின் நடுவே பெட்ரோல் நிரப்பும் காலம் அது. மற்ற அணிகளில் ஒருவர் பலகையைத் தூக்கி ‘போ’ என்பார். ஃபெராரி அதற்குப் பதிலாக விளக்கு வைத்திருந்தது. விளக்கு முன்கூட்டியே பச்சையானது, மாஸா எரிபொருள் குழாயோடே கிளம்பிவிட்டார். குழாயை இழுத்துக்கொண்டு பிட் வழி முழுக்கப் போய் நின்றார், ஆட்கள் ஓடிவந்து கழற்றினார்கள். 13-ஆவதாக முடித்தார், புள்ளி இல்லை. ஹாமில்டன் மூன்றாவது, 6 புள்ளி.

மோசடி உண்மை. மாஸாவுக்கு அதனால் பாதிப்பும் உண்மை. ஆனால் குழாய் பிய்ந்தது ஃபெராரியின் சொந்தப் பிழை. திட்டமிட்ட மோதல் இல்லையென்றால் அந்த அவசர பிட் நிறுத்தமே வந்திருக்காது என்பது ஒரு வாதம். அவசரத்தில் மற்ற அணிகள் யாரும் குழாயோடு காரை அனுப்பவில்லை என்பது எதிர்வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. மாஸா 2014-இல் வில்லியம்ஸ் அணிக்குப் போனபோது அங்கே தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர் அதே பேட் சைமண்ட்ஸ் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். எப்படித்தான் தினமும் முகம் பார்த்து வேலை செய்தார்களோ.

அந்தப் பந்தயத்தையே ரத்து பண்ணினா மாஸாதானே சாம்பியன்? கேஸ் போட்டாரே, என்னாச்சு?

வெறும் கூட்டல் கணக்கில் ஆமாம். ஹாமில்டனின் 6 புள்ளி போனால் 92, மாஸாவுக்கு 97 அப்படியே இருக்கும். ஆனால் சீசன் முடிந்து பரிசளிப்பு விழாவும் நடந்துவிட்டால் முடிவுகளை மாற்ற முடியாது என்பது விதி. மோசடி வெளிவந்தது 2009-இல்.

2023-இல் எக்கிள்ஸ்டன் ஒரு பேட்டியில், தனக்கும் அப்போதைய எஃப்ஐஏ தலைவர் மேக்ஸ் மோஸ்லிக்கும் 2008 சீசன் முடியும் முன்பே விஷயம் தெரியும் என்ற பொருளில் பேசினார். பிறகு அப்படிச் சொன்னது நினைவில்லை என்றார். மாஸா அதை வைத்து 2024-இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். எதிர்த்தரப்பு எஃப்ஐஏ, ஃபார்முலா ஒன் நிர்வாகம், எக்கிள்ஸ்டன் மூவரும். 2025 நவம்பரில் நீதிபதி வழக்கின் ஒரு பகுதியை விசாரணைக்கு அனுமதித்தார். பட்டத்தின் முடிவைத் திருத்தி எழுத முடியாது என்பதையும் தெளிவாக்கினார். ஆக, இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது, கோப்பை கைமாறாது.

என் கருத்தைக் கேட்டால், மோசடியை அறிந்தும் மூடி மறைத்தார்களா என்ற கேள்விக்கு மாஸாவுக்குப் பதில் கிடைக்க வேண்டும். அதைக் கேட்பது அவருடைய உரிமை. அதற்காக ஹாமில்டனின் பட்டத்தைப் பொய் என்பது தவறு. சிங்கப்பூரில் அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை.

அதுக்கப்புறம் மாஸா ஏன் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கல?

பிரேசில் 2008 அவருடைய 11-ஆவது வெற்றி, கடைசி வெற்றியும் அதுவே. 2009 ஜூலை 25 அன்று ஹங்கேரியில் தகுதிச்சுற்றின்போது, முன்னால் போன ரூபன்ஸ் பாரிக்கெல்லோவின் காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் ஒன்று அவருடைய தலைக்கவசத்தில் வந்து அடித்தது. உயிர் பிழைத்ததே பெரிது, மீதி சீசன் போனது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2010 ஜூலை 25, ஜெர்மனியில் முன்னால் போய்க்கொண்டிருந்தவரை, அந்த வருடம் ஃபெராரிக்கு வந்திருந்த அலோன்சோ உன்னை விட வேகம் என்று வானொலியில் சொல்லி வழிவிட வைத்தார்கள். அன்று வென்றிருக்க வேண்டியவர் அவர்.

ஹாமில்டனோ மேலும் ஆறு பட்டங்கள் வென்றார். 2025-இல் ஃபெராரிக்கே போய்ச் சேர்ந்தார்.

முழுப் பந்தயம் பார்க்க நேரம் இல்ல. எதைப் பார்த்தா போதும்?

63-ஆவது சுற்றிலிருந்து பாருங்கள். முதலில் யார் யார் பிட்டுக்கு வருகிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு குபிட்சா ஹாமில்டனைத் தாண்டும் இடம். கடைசிச் சுற்றில் கேமரா மாஸாவின் மேல் இருக்கும்போது, திரையில் ஓடும் இடைவெளிகளில் கிளாக்கின் பெயரைத் தேடுங்கள். முடிந்ததும் கிளாக்கின் கார் கேமராக் காட்சியைத் தனியாகப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் மேலே ட்ரூல்லி பற்றிச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.